மலைவழி கூறல்: கொடைக்கானல் நடைபாதைகளும் ஆற்றுப்படை மரபும்

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்பது தமிழ் பயில்வார் அனைவரும் பள்ளிப் பருவத்திலேயே அறிந்த செய்தியாகும். குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களின் பெயர்களை மூச்சு விடாது ஒப்பிக்கும் மாணவரும் நம்மிடையே உளர். ஆயினும், அக்குறிஞ்சி நிலத்தில் காலூன்றி நடந்தறிந்தார் எத்துணையர் என வினவின், விடை சுருங்கியதாகவே இருக்கும். நம் மாணவர் பெரும்பாலும் சமவெளியினர். கடற்கரை ஊரினரும் பலர். மலை என்பது அவர்க்குப் பேருந்தின் சன்னல் வழியே காணும் ஒரு காட்சி. ஆசிரியராகிய நாமும் இவ்வகையில் அவர்களினும் மேம்பட்டோம் அல்லேம். இதனைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் துறை மாணவரையும், ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவரையும் உடன்கொண்டு கொடைக்கானலுக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். வட்டக்கானலிலிருந்து ‘டால்பின் மூக்கு’ எனப்படும் பாறைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவே என்று கேட்டறிந்து, அத்தொலைவை மட்டுமே மாணவர்க்குக் கூறி அழைத்துச் சென்றோம். வழி பெரும்பாலும் செங்குத்தான இறக்கம் என்பதையும், இறங்கியது அத்தனையும் திரும்பி ஏறியாக வேண்டும் என்பதையும் கூறினோம் அல்லேம். கூறுவதற்கு நமக்கே அது தெரிந்திருக்கவில்லை. ஒரு கால் சற்றே குட்டையாக அமைந்த மாணவர் ஒருவர், நண்பர் முன் பின்வாங்க நாணி, தாமும் உடன் வந்தார். மரவேர்களைப் பற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். ஏறும்போது பாதி வழியில் அமர்ந்தவர் எழவே இயலவில்லை. இருவர் மாறி மாறித் தோள் கொடுத்து அவரை மேலே சேர்த்தபோது மாலை மங்கி மூடுபனி இறங்கியிருந்தது. மூத்த ஆசிரியரோ தொடக்கத்திலேயே தேநீர்க் கடை விசுப்பலகையில் அமர்ந்துவிட்டார். “என் முழங்கால் எனக்கு முன்னமே வழி சொல்லிவிட்டது” என்றார் அவர்.

அன்றிரவு அம்மாணவர் நம்மிடம் கூறியது இன்றும் செவியில் ஒலிக்கிறது. “ஐயா, ஏற்றம் இவ்வளவு என்று முன்பே சொல்லியிருந்தால், ஒன்று நானும் கடையிலேயே இருந்திருப்பேன்; இல்லையென்றால் அதிகாலையிலேயே புறப்பட்டு என் போக்கில் மெதுவாக வந்திருப்பேன். இரண்டில் எது என்று நானே முடிவு செய்திருப்பேன்” என்றார். அதில் சினம் சிறிதும் இல்லை. அதனாலேயே அது நம்மை மிகுதியும் தைத்தது. அவர் கேட்டது வேறொன்றுமன்று. உண்மையான வழிகூறல் ஒன்றே. அதனை அவர்க்குச் செய்யத் தவறிய நாமோ, ஆண்டுதோறும் வகுப்பறையில் ஆற்றுப்படை நடத்துவோர்!

பெருங்கௌசிகனார் காட்டும் வழி

ஆறு என்னும் சொல் வழியைக் குறிக்கும். ஆற்றுப்படை என்பது வழிப்படுத்துதல். பரிசில் பெற்று வருவோர், வறுமையுற்று எதிர்வருவோரை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது இதன் இலக்கணம் என்று கூறி, வள்ளலின் கொடைச் சிறப்பை விரித்துரைப்பதோடு நம் பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வினாத்தாளும் அவ்வளவே கேட்கும். வழி என்னும் பகுதியைக் கதைக்கு இடையே வரும் வருணனையாகக் கருதித் தாண்டிச் செல்கிறோம்.

பத்துப்பாட்டுள் அமைந்த ஆற்றுப்படைகளில் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாத்து வேள் நன்னன்பால் கூத்தரை ஆற்றுப்படுத்தியது. இந்நூலை மேற்கூறிய சுற்றுலாவுக்குப் பின் மீண்டும் படித்தபோது, மலை நடைக்குரிய கையேடு ஒன்றைப் படிப்பது போன்ற உணர்வே நமக்கு ஏற்பட்டது. பன்றியை வீழ்த்தக் கற்பொறி அமைத்த வழிகளில் இருளில் செல்லாது, தங்கியிருந்து விடியலில் செல்லுமாறு புலவர் கூறுகிறார். பாம்பு உறையும் பள்ளங்களைச் சுட்டுகிறார். தினைப்புனத்துப் பரண்களிலிருந்து யானையை விரட்ட எறியும் கவண்கற்கள் வந்து விழும் இடத்தில் மரங்களை மறைவாகக் கொண்டு நடக்கச் சொல்கிறார். பாசி படர்ந்து அடி வழுக்கும் நீர்க்கரையில் மெல்லிய மூங்கிலையும் கொறுக்கந்தட்டையையும் கைப்பற்றாகக் கொண்டு கடக்கச் சொல்கிறார்.

இவற்றுள் இரண்டு குறிப்புகள் நம்மை வியப்பில் ஆழ்த்தின. குறவரே திசை மயங்கும் குன்றத்துள் அகப்பட நேர்ந்தால், மேலும் அலையாமல் அகன்ற பாறையொன்றில் அனைவரும் ஒருங்கு கூடி, கையிலுள்ள இசைக்கருவிகளை முழக்குக என்கிறார். ஓசை கேட்டுக் கானவர் வருவர். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நின்று ஒலியெழுப்புக என்று இன்றைய மீட்புப் பணியாளர் கூறும் அறிவுரையும் இதுவே. மற்றொன்று, வழிகள் கூடிப் பிரியும் இடத்தில் சரியான வழியைத் துலக்கிப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்க என்பது. இவ்வடையாளம் இடுவோர்க்கு யாதும் பயன் தருவதன்று. அவர் கடந்து போய்விடுவர். பின்னே வரும், நிலம் அறியாப் புதியவர்க்கே அது.

நடப்பவர் யார் என்பதையும் புலவர் மறந்தாரில்லை. கூட்டத்தில் யாழும் முழவும் சுமந்த ஆடவரும் உளர். கல்லில் பட்டு நொந்த சிற்றடிகளையுடைய விறலியரும் உளர். இளைத்து ஓடிய நாயின் நாவை அவ்வடிக்கு உவமை கூறுகிறார். புலவர் அடியின் சிவப்பையும் தளர்ச்சியையும் ஒருங்கே கண்டிருக்கிறார்.

சிலப்பதிகாரத்தை ஈண்டு ஒப்பிட்டு நோக்கலாம். மதுரைக்குரிய மூன்று வழிகளை மாங்காட்டு மறையோன் காடுகாண் காதையில் விரித்துரைக்கிறான். வலப்பக்க வழியில் சிறுமலை இடம்பெறுகிறது. திண்டுக்கல்லுக்கு அண்மையில் உள்ள சிறுமலை அது. புறஞ்சேரி இறுத்த காதையிலோ, கண்ணகி வெயிலின் வெம்மையைத் தாங்காள் என்று கவுந்தியடிகளிடம் கூறிக் கோவலன் இரவில் நடக்க முடிவு செய்கிறான். மலைபடுகடாம் இருளில் செல்லாதே என்கிறது. சிலம்பு நிலவில் செல்லலாம் என்கிறது. முரண் போலத் தோன்றினும் முரண் இல்லை. ஒன்று பொறிகள் நிறைந்த மலைவழி. மற்றொன்று பாண்டியன் காவலுக்கு உட்பட்ட நாட்டுவழி. நிலமும் நடப்பவரும் மாறினால் அறிவுரையும் மாறும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

சுமை ஏறிய தடம்

இனிக் கொடைக்கானலுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குக் கிளையாக நீளும் பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தை ஒட்டி அமைந்த ஊர் இது. புறநானூற்றில் கோடை மலைத் தலைவனாகக் குறிக்கப்படும் கடிய நெடுவேட்டுவனின் மலை இதுவே எனக் கருதும் அறிஞர் உளர். தெற்குச் சரிவில் உள்ள வெள்ளகவி, கொடைக்கானல் நகரினும் பழமையான சிற்றூர். 1821ஆம் ஆண்டில் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, அவ்வூரிலிருந்தே மேலே ஏறினார். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மறைப்பணியாளர், கோடை வெம்மைக்கும் நோய்க்கும் அஞ்சி இங்கு முதல் வீடுகளைக் கட்டினர்.

அவர்கள் எவ்வாறு ஏறினர் என்னும் வினாவைச் சுற்றுலாக் கையேடுகள் எழுப்புவதில்லை. பெரியகுளத்தை அடுத்த மலையடிவாரம் வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் கொடிவழி. இயன்றவர் நடந்தனர், சிலர் குதிரையில் ஏறினர், பெண்டிர், குழந்தைகள், நோயாளர் ஆகியோர் டோலியிலும் நாற்காலியிலும் அமர, சுமைகாரர் அவர்களைத் தோளில் தூக்கி ஏறினர். கட்டிலும் கண்ணாடியும் அரிசி மூட்டையும் தலைச்சுமையாகவே சென்றன. 1875இல் இருப்புப்பாதை வந்து, அம்மையநாயக்கனூரை அடுத்துக் கொடைக்கானல் ரோடு நிலையம் அமைந்த பின்னரும் மலை ஏற்றம் மாறவில்லை. 1914ஐ ஒட்டி வத்தலக்குண்டு வழியாக லாஸ் காட் சாலை அமைந்த பின்னரே சுமைகாரர் தோள் ஓய்வு கண்டது.

ஆகவே, ‘இயலாதாரும் மலை காண வேண்டும்’ என்பது இக்காலத்தார் புதிதாகக் கண்ட கருத்தன்று. பிறர் முதுகின் மேல் அமர்ந்து அது அன்றும் நிறைவேறியது. அத்தோள்களுக்கு உரியவர் ஒருவர் பெயரும் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. துரைமார் பெயர்களே பாதைக்கும் பூங்காவுக்கும் நிலைத்தன. மோட்டார் சாலை நெடுங்காலம் எட்டாத வெள்ளகவி மக்கள், அரிசியைக் குதிரையிலும் நோயாளரை டோலியிலும் கொண்டு சென்ற செய்தி நம் காலத்துச் செய்தித்தாள்களிலும் வந்ததே. நமக்கு உலாப்பாதை, அவர்க்கு அது மருத்துவமனைக்குச் செல்லும் வழி. அவ்வூர்த் தெருக்களில் காலணி அணிந்து நடப்பதில்லை என்பது அவ்வூரார் போற்றும் மரபு. அங்குச் செல்வோர் அதனை மதித்து ஊர் எல்லையில் காலணியைக் கழற்றுதல் வேண்டும்.

சமதளம் முதலாக

பாதைகளை அவற்றின் புகழைக் கொண்டு அடுக்காமல், கால் வலிமையைக் கொண்டு அடுக்கிக் காண்போம்.

ஏரியைச் சுற்றிய சாலை முதலாவது. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் உருவாக்கிய, விண்மீன் வடிவ ஏரி இது. பரப்பு 24 ஹெக்டேர் அளவினது. சுற்றுவழி ஏறத்தாழ 5 கிலோமீட்டர். தார்ச்சாலை ஆகையாலும் பெரும்பகுதி சமதளம் ஆகையாலும் சக்கர நாற்காலியில் வருவோரும், முதியோரும், குழந்தை தூக்கிய தாய்மாரும் இதில் செல்லலாம். ஆனால், காலை நேரம் கடந்தால் ஊர்திகளும் வாடகைக் குதிரைகளும் மிதிவண்டிகளும் நெருங்கி, நடப்பவர்க்கு இடமில்லாமற் போகிறது. விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் நடப்பதே தக்கது. நீரிலிருந்து ஆவி எழும் அவ்வேளையில், ஏரிக்கரை வேறோர் ஊர்போல் இருக்கும். முழுச்சுற்றும் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் யாதுமில்லை. இயன்ற தொலைவு சென்று திரும்பலாம். ஏரியின் அருகே 1908இல் வன அலுவலர் பிரையண்ட் அமைத்த பூங்கா, அமர்ந்து இளைப்பாறுவதற்கு ஏற்றது.

கோக்கர் நடைபாதை அடுத்தது. 1872இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்தது; நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். மலையின் தென்விளிம்பை ஒட்டித் தளமிட்டுக் கைப்பிடி வேலி அமைத்த பாதை ஆகையால், அஞ்சுவாரும் அஞ்சாது நடக்கலாம். இடையிடையே சரிவு உண்டு. கீழே பெரியகுளம் சமவெளியும், வானம் தெளிந்த நாளில் வைகை அணையின் நீர்ப்பரப்பும் தோன்றும். பின்னே கதிரவனும் முன்னே மூடுபனியும் அமையும் அரிய வேளையில், நம் நிழலே பேருருக் கொண்டு, வண்ண வளையம் சூழ, பனித்திரையில் தோன்றும். ஜெர்மனி நாட்டுப் பிராக்கன் மலையின் பெயரால் இதனைப் பிராக்கன் நிழலுரு என்பர். மலையேறும் வீரர்க்கே உரியதென நாம் எண்ணும் இக்காட்சி, ஒரு கிலோமீட்டர் நடக்கக்கூடிய பாட்டியார்க்கும் கிட்டுகிறது. இப்பாதையின் பெருமையாக நாம் கருதுவது இதனையே.

கண்ணொளி குன்றியோர்க்கு மலையில் யாது உண்டு என்று கேட்பாரும் உளர். மலைபடுகடாம் என்னும் பெயரே அதற்கு விடை. மலையை யானையாகவும் அதன்கண் எழும் ஓசையை மதத்தால் எழும் ஓசையாகவும் உருவகித்த பெயர் அது. அருவி, வண்டு, விலங்கு, புனம் காப்போர் கூவல் என எத்தனையோ ஒலிகளைப் புலவர் அடுக்கிச் செல்கிறார். ஊர்தி நெருக்கம் இல்லாத விடியலில் சோலைக்காட்டின் ஓரம் நின்று கேட்பார்க்கு, அவ்வடுக்கில் இன்னும் எஞ்சியிருப்பது எவ்வளவு என்பது விளங்கும்.

1906 முதலாக நடப்பட்ட பைன் மரக்காட்டில் நிலம் மெத்தென்றிருக்கும். வேர்கள் மட்டுமே தடுக்கும். இக்காட்டை இயற்கைக் காடென்று எண்ணி மகிழ்வார் மிகப்பலர். அயல்நாட்டு மரங்களை வரிசையாக நட்ட தோட்டம் அது. பழனி மலையின் உண்மையான காடு, பள்ளங்களில் ஒடுங்கி நிற்கும் சோலையும் அதனைச் சூழ்ந்த புல்வெளியுமே ஆகும். பைன், தைலம், சீகை மரங்கள் அப்புல்வெளியைப் பெருமளவு விழுங்கிவிட்டன. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கு அப்புல்வெளியே தாயகம். 2006இலும் 2018இலும் அது பூத்தது. அடுத்து 2030இல் பூக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. இன்று நம்மிடம் முதலாண்டு பயிலும் மாணவர், அவ்வாண்டில் ஆசிரியராகித் தம் மாணவரை அழைத்துச் செல்லக்கூடும்.

122 மீட்டர் உயரமுடைய தூண் பாறைகளைச் சாலையோரப் பூங்காவிலிருந்தே காணலாம். நடை என்று கூற அங்கு மிகுதி இல்லை.

நடுத்தர வலிமையுடையார்க்கு மேல்மலைச் சிற்றூர்களே ஏற்றவை. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய ஊர்களில் படிக்கட்டு வயல்களின் ஓரமாகவும் புல்மேடுகளின் மீதும் நடக்கலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் வயல்கள் இவை. ஊராரிடம் கேட்டு நடத்தல் வேண்டும். வரப்பு அவர்களது உழைப்பு.

டால்பின் மூக்குப் பாறையைப் பற்றி முன்னரே கூறினோம். இப்போது செம்மையாகக் கூறுவோம்: தொலைவு சிறிது, சரிவு பெரிது, மழை பெய்த மறுநாள் வேரும் மண்ணும் வழுக்கும், பாறையின் விளிம்பில் வேலி இருக்குமென எண்ணிச் செல்லலாகாது. இறங்கும்போது தொடையும் முழங்காலும் உழைக்கின்றன. ஏறும்போது நெஞ்சு உழைக்கிறது. இவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கடற்கரை ஊரிலிருந்து நேற்று வந்தவர்க்கு இன்று மூச்சு வாங்குவது பலவீனம் ஆகாது.

அதற்கும் அப்பால் வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய தடம் வன்மையுடையார்க்கே உரியது. முறையான அனுமதியும் அவ்வூரார் ஒருவர் துணையும் இன்றி அதில் கால் வைக்கலாகாது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குப் புகலிடம் அறிவிக்கப்பட்டது. பேரிஜம் ஏரி போன்ற இடங்களுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். காட்டுமாடுகள் நகரத் தெருக்களிலேயே உலவும் ஊர் இது. அவற்றை நெருங்கிப் படம் எடுக்கும் துணிவை வீரம் என்று நாம் கூறமாட்டோம்.

குரங்கணிக்குப் பின்

பழனி மலைக்குத் தென்மேற்கே, போடி மலைப்பகுதியில் உள்ளது குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று அம்மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நடைக்குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் பலியாயின. அவருள் பலர் இளைஞர். நம் மாணவரினும் சில ஆண்டுகளே மூத்தவர். கோடையில் காய்ந்த போதைப்புல் எத்துணை விரைவில் தீப்பற்றும் என்பதையும், தீ சரிவில் கீழிருந்து மேலே காற்றினும் கடிதாய் ஏறும் என்பதையும் மலைவாழ் மக்கள் அறிவர். சமவெளியிலிருந்து வந்தவர் அறிந்திருக்க வழியில்லை; எவரேனும் கூறியிருந்தாலன்றி.

அவ்வாண்டே தமிழக அரசு மலைநடைக்கு விதிகள் வகுத்தது. பாதைகள் எளிது, மிதம், கடினம் என மூவகைப்பட்டன. 2024 அக்டோபரில் மாநிலமெங்கும் 40 நடைபாதைகளை இம்மூவகையில் அறிவித்து, மலைவாழ் இளைஞரை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து, வனத்துறை நடைத் திட்டமொன்றைத் தொடங்கியது. காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடுவதும் வழக்கமாயிற்று. இவை வரவேற்கத்தக்கவை.

ஆயினும், ‘எளிது’ என்னும் ஒரு சொல் வழிகூறல் ஆகிவிடாது என்பது நம் கருத்து. யார்க்கு எளிது? எந்தத் திங்களில் எளிது? மார்கழியில் எளிதான புல்மேடு பங்குனியில் தீக்காடு ஆகலாம். இருபது வயதினர்க்கு எளிதான சரிவு, ஐம்பதைக் கடந்த முழங்காலுக்குக் கடினம். பெருங்கௌசிகனார் ‘கடினமான வழி’ என்று ஒரு சொல்லில் கூறி அமைந்தாரில்லை. எந்த இடத்தில் வழுக்கும், எதைப் பற்றிக் கடக்க வேண்டும், எந்தப் பொழுதில் செல்லலாகாது என்று இடந்தோறும் கூறினார். மலைநடைக்கு வகைப்பெயரினும் இடக்குறிப்பே உதவும்.

நடைக்கணக்கு

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நெய்ஸ்மித் என்பார் 1892இல் எளிய கணக்கு ஒன்றைக் கூறினார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதனுடன், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் மேலும் ஒரு மணி நேரம் கூட்டுக. பெரியகுளம் சமவெளியிலிருந்து கொடைக்கானல் வரையுள்ள பழைய தடத்தில் ஏற்றம் மட்டுமே 1,700 மீட்டருக்கு மேல். ஆகவே, தொலைவுக்குரிய நேரத்தோடு ஏற்றத்திற்கென்றே ஏறத்தாழ மூன்று மணி நேரம் கூட்ட வேண்டும். இதுவும் நல்ல உடல்நலம் உடையார்க்கு. ஓய்வு நேரம் இதில் அடங்காது. நம் குழுக்களுக்கு அதனை ஒன்றரை மடங்காகக் கொள்வது நன்று என அனுபவத்தால் கூறுகிறோம்.

குழுவின் வேகத்தை மெல்ல நடப்பவரே அறுதியிட வேண்டும். அவரை முன்னே விட்டுப் பிறர் பின்தொடரல் வேண்டும். வழக்கத்தில் இது தலைகீழாக நிகழ்கிறது. விரைவோர் முன்னே ஓடி, ஒரு வளைவில் அமர்ந்து இளைப்பாறுவர். மெல்ல நடப்பவர் அவ்விடம் வந்து சேர்ந்த கணமே எழுந்து புறப்பட்டுவிடுவர். ஓய்வு யார்க்குத் தேவையோ அவர்க்கே அது கிட்டாமற் போகிறது. இருபது ஆண்டுகளாகச் சுற்றுலா அழைத்துச் சென்றும் இதனை நாம் கவனித்ததில்லை. மேற்கூறிய மாணவரே சுட்டிக்காட்டினார்.

பிடிப்புள்ள காலணி, ஊன்றுகோல், தண்ணீர், மழைக்காப்பு ஆகியவற்றைக் கூறி விரிப்பின் பெருகும். ரப்பர் செருப்புடன் மலை இறங்க வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திக் கூறுகிறோம். சோலைக்காட்டில் மழைக்காலத்து அட்டைகள் உண்டு. அவற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை, உப்பு போதும்.

அச்சுற்றுலாவுக்கு மறு ஆண்டு, புறப்படுவதற்கு ஒரு திங்கள் முன்னரே மாணவரைக் கொண்டு வழிக்குறிப்பேடு ஒன்று எழுதச் செய்தோம். ஆற்றுப்படைப் பாடத்திற்குரிய பயிற்சியாகவே அதனை அமைத்தோம். ஒவ்வொரு பாதைக்கும் தொலைவு, ஏற்றம், வழுக்கும் இடம், அமரும் இடம், கழிப்பறை உள்ள இடம், திரும்பிவிடத் தக்க இடம் ஆகியவற்றைக் குறிக்கச் சொன்னோம். அறியாதவற்றை முன்பு சென்று வந்தவரிடம் கேட்டு எழுதினர். அதன் ஒரு படி இன்றும் துறை நூலகத்தில் உள்ளது. சுற்றுலா செல்லும் ஒவ்வொரு குழுவும் ஓரிரு வரிகளைச் சேர்த்து வருகிறது. சில இடங்களில் முன்னோர் எழுதியதை அடித்துத் திருத்தியும் உள்ளனர்.

அவ்வேட்டில் வட்டக்கானல் பக்கத்தில், மற்றவற்றினும் சிறிய எழுத்தில் இவ்வாறு உள்ளது: “தேநீர்க் கடையில் மணி பாருங்கள். பாறைக்கு இறங்க எடுத்த நேரத்தை இரண்டால் பெருக்குங்கள். ஏறுவதற்கு அவ்வளவு வேண்டும். பெரிய வேர் குறுக்கே கிடக்கும் இடத்தில் நின்று மேலே பாருங்கள். இப்போதே கால் வலித்தால் இங்கேயே திரும்பலாம்; அங்கிருந்தும் பள்ளத்தாக்கு தெரியும்.” எழுதியவர் பெயர் இல்லை. அந்தச் சாய்ந்த கையெழுத்தை நாம் அறிவோம்.